கேக்கிறதுக்கு வெக்கப்படாதை தம்பி

தம்பி,

நேற்று நீ போன் எடுத்து சாப்பிட்டன் அம்மா சுகமா இருக்கிறன் எண்டு சொல்லேக்கயே உன்ர குரலில எனக்கு விளங்கிட்டுது. பேந்து மச்சாளிட்டக் கேட்டாப்பிறகு தான் தெரியும், லண்டன் ஈஸ்ட்ஹாமில அந்தப் பெடியளின்ர அறையில நிலத்தில படுக்கிறாயாம், வீட்டுக்காரன் இந்த மாசத்தோட உன்னை வெளிக்கிடட்டாம் எண்டு கடிதமும் குடுத்திட்டானாம். ஏன் மோனை எனக்கு மறைச்சனீ?

மச்சாள் லோயர் ஒபிஸில வேலை செய்யிறபடியால் ஒரு மணித்தியாலம் இருந்து கதைச்சன். அவ சொன்னதை உன்ர பழைய கொப்பி ஒண்டில எழுதி வச்சுத்தான் இதை ரைப் பண்ணுறன்.

அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்டுத் தோத்து, இமிகிரேஷன் பெயிலில, அதுதான் பிணையில, இருக்கிறவனுக்கு ஆர் வீடு தரப்போறான் எண்டு நீ நினைக்கிறாய். அப்பிடியில்லையாம். உனக்குத் தந்த அந்த 201 பெயில் பேப்பர் வீடு தரவும் மாட்டுது மறிக்கவும் மாட்டுது, உன்ர கேஸ் எந்த நிலையில நிக்குது எண்டதைத்தான் ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) பாக்குமாம். முந்தி உனக்கு வீடும் காசும் தந்தது 1999ம் ஆண்டு குடிவரவு, அசைலம் சட்டத்தின்ர 95ம் பிரிவில, அது கேஸ் நடக்கிறவைக்கு, அப்பீலும் தோத்தோடன தனி ஆள் எண்டு 21 நாளில நிப்பாட்டினவை. ஆனா அதே சட்டத்தில 4ம் பிரிவு எண்டு ஒண்டு கேஸ் தோத்தவைக்கெண்டே இருக்கு. 14 நாளுக்குள்ள இருக்க இடமோ சாப்பாட்டுக்கு வழியோ இல்லாமப் போற ஆளா இருக்கவேணும், அதோட ஒரு காரணமும் வேணும். திரும்பிப் போக ஒழுங்கு செய்யிறவை, வருத்தத்தில பயணம் செய்ய ஏலாதவை, ஹோம் ஒபிஸின்ர முடிவு சட்டப்படி சரியோ எண்டு கோர்ட் பாக்கிற ஜுடிஷியல் ரிவியூவுக்கு அனுமதி கிடைச்சவை, பேந்து ரோட்டில விட்டா மனித உரிமை மீறலா முடியும் எண்டிருக்கிறவை. நீ புதுச் சாட்சியங்களோட பிரெஷ் கிளெய்ம், அதுதான் திரும்பவும் அசைலம் கேட்டு, போட்டு அது இன்னும் முடிவில்லாமக் கிடக்குதெல்லே, அந்தக் கடைசி வழி உனக்குத்தான் எண்டு மச்சாள் சொன்னவ.

உன்ர சிநேகிதன் சொன்ன 2016ம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்ர 10ம் அட்டவணை வேறயாம், அது பெயிலில இருக்கிறவைக்கெண்டு இருக்கிறது. அதில வீடு குடுக்கிறது அருமையாம், இல்லையெண்டு சொன்னா, 4ம் பிரிவு அப்பீலைக் கேக்கிற ட்ரிபியூனலுக்கு (தீர்ப்பாயத்துக்கு) அப்பீலும் போக ஏலாதாம். அசைலம் கேட்ட நீ முதல்ல 4ம் பிரிவில கேள்.

அதுக்கு ஏ.எஸ்.எஃப் 1 எண்ட போர்ம் நிரப்பவேணும். பாங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுக்காரன்ர கடிதம், அந்தப் பெடியள் எவ்வளவு காலம் வச்சிருந்தவை ஏன் இனி ஏலாது எண்டு கையெழுத்து வச்ச கடிதம், இதெல்லாம் வேணும். ஆர் ஆரிட்டக் காசு வாங்கினனி எண்டதை ஒளிக்காதை, ஒண்டை மறைச்சாலும் முழுக்க நம்பமாட்டாங்களாம். லண்டனுக்கு வெளியில எங்கயோ ஊரில அறை தந்தாலும் போ, வேண்டாமெண்டா பிறகு கஷ்டம். மறுத்துக் கடிதம் வந்தா 3 நாளுக்குள்ள அப்பீல் போடவேணும் அப்பன், வெறும் 3 நாள், கடிதத்தை உடைக்காம வச்சிருக்கிற உன்ர பழக்கம் இதில சரிவராது.

பெற்றோல் செட்டில ராவு வேலைக்குக் கூப்பிட்டவை எண்டு சொன்னனி. போகாதை. பெயில் பேப்பரில வேலை செய்யக்கூடாதெண்டு கிடக்கு, பிடிபட்டா திரும்ப உள்ளுக்க. ஹோம் ஒபிஸில போய் சைன் பண்ணுற நாளையும் விடாதை, இடம் மாறமுந்தி விலாசத்தை ஹோம் ஒபிஸுக்கு அறிவி.

போர்ம் நிரப்பிக் கேக்கிறது பிச்சை எடுக்கிற மாதிரி எண்டு மச்சாளிட்டச் சொன்னியாம். அதைக் கேட்டு எனக்கு ராவு நித்திரையில்லை. 1995 ஒக்டோபர் 30 ராவு யாழ்ப்பாணத்தில வலிகாமம் முழுக்க சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்ட நேரம் மழைக்குள்ள அக்காவைத் தூக்கிக்கொண்டு, உன்ர அப்பா சைக்கிளில ரெண்டு பாக்கோட, நாவற்குழிப் பாலம் தாண்ட விடிஞ்சிட்டுது. சாவகச்சேரியில பள்ளிக்கூட வகுப்பறை ஒண்டில ஆறு குடும்பம் இருந்தம். நிவாரண அட்டைக்கு லைனில நிண்டன், அரிசியும் பருப்பும் வாங்கினன், அப்பாவும் நிண்டவர், பள்ளிக்கூடத்தில படிப்பிச்ச மனுசன். ஒருத்தரும் எங்களைக் குறைவாப் பாக்கேல்லை. அந்த அரிசியிலதான் அக்கா வளந்தவ.

சனிக்கிழமை பின்னேரம் மச்சாள் உன்னட்ட வாறாவாம். 201 பேப்பரையும் பழைய கடிதங்களையும் ஒரு பைக்குள்ள போட்டு வை, உடைக்காததையும் சேத்து. முடிஞ்சோடன எனக்கு ஒரு வொய்ஸ் போடு, எத்தினை மணியானாலும் முழிச்சிருப்பன்.

அம்மா