ஷேர் குரூப்புன்னாலே திருட்டுக் குரூப்பு இல்ல ஆசிரியரே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஆன்லைன்ல ஷேர் குரூப்புல சேந்து லட்சக்கணக்குல பணத்த விட்டவங்க செய்தி நம்ம பேப்பர்ல அடிக்கடி வருது, அத போடணும்தான், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா ஒவ்வொரு தடவயும் கடைசி வரியில "பொதுமக்கள் இதுபோன்ற வாட்ஸ்அப் குழுக்களில் சேர வேண்டாம்"னு முடிச்சிடுறீங்க, அதப் பத்தித்தான் இந்த லெட்டர். ஏன்னா நானும் ஒரு ஷேர் குரூப்புல இருக்கேன், உங்க செய்திய படிச்சிட்டு வீட்ல என்ன சீட்டாட்டத்துல பிடிபட்டவன் மாதிரி பாக்குறாங்க.

எங்க குரூப்பு 2020 மார்ச்ல, லாக்டவுன் ஆரம்பிச்ச அந்த வாரம் தொடங்குனது. குலசேகரத்துல கொஞ்சம் ரப்பர் வச்சிருக்கற அண்ணன், குளச்சல்ல போட் வச்சிருக்கறவர், பேங்க்ல ரிட்டயர் ஆன ஒரு அண்ணாச்சி, குவைத்துல நர்ஸா இருக்கற அக்கா, மார்த்தாண்டத்துல மொபைல் கட தம்பி, தக்கல பக்கம் ஒரு ரிட்டயர்டு டீச்சர், இப்படி பலபட்டற. பெரிய பணக்காரங்க யாரும் கெடயாது, மாசம் ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு வாங்கிப் போடுறவங்கதான் பாதிக்கு மேல. காலைல சாயா குடிக்கும்போதே மார்க்கெட் எப்படித் தொறக்கும்னு முன்னாலயே குறி காட்டுற கிஃப்ட் நிஃப்டி பச்சையா செவப்பான்னு ஒருத்தர் போடுவார், ஒம்பதே காலுக்கு மார்க்கெட் தொறந்ததும் ரெண்டு கேலி, அப்புறம் அவங்கவங்க ஜோலிக்குப் போயிடுவாங்க, சாயங்காலம் மூணரைக்கு மேல திரும்ப வருவாங்க. அவ்வளவுதான் எங்க சதித்திட்டம்.

இதுல என்ன பிரயோஜனம்னு கேட்டா, 2020 மார்ச் 23ஆம் தேதி, மும்பை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாள்ல 3,934 புள்ளி விழுந்துச்சு, ரொம்ப விழுந்தா வியாபாரத்த தானா நிறுத்தற சர்க்யூட் அடிச்சு முக்கால் மணி நேரம் வியாபாரத்தையே நிறுத்தி வச்சாங்க, அந்த நேரத்துல தனியா ஒரு ரூம்ல செல்லப் பாத்துட்டு இருந்தவன் எல்லாம் வித்துத் தள்ளிட்டான். எங்க ஆளுங்க பயந்து போய்த்தான் ஒண்ணா சேந்தாங்க, ஒருத்தர ஒருத்தர் "பைய இரிங்க"ன்னு சொல்லிச் சொல்லியே அந்த மாசங்கள தள்ளுனாங்க, அந்த வருஷ முடிவுல சென்செக்ஸ் 47 ஆயிரத்த தாண்டிட்டு. 2024 ஜூன் 4, எலக்‌ஷன் ரிசல்ட் அன்னைக்கும் இதே கததான், 4,389 புள்ளி காலி, மறுநாள் நம்ம பேப்பர்ல பெரிய எழுத்துல இத்தன லட்சம் கோடி இழப்புன்னு தலைப்பு, டீச்சர் வாய்ஸ் மெசேஜ்ல கிட்டத்தட்ட அழுறாங்க. விக்காதவனுக்கு அது பேப்பர்ல இருக்கற நஷ்டம்தானேன்னு அண்ணாச்சி பொறுமையா வெளக்குனார். ஜூன் 7ஆம் தேதி வெள்ளிக்கிழம சென்செக்ஸ் புது உச்சத்துக்கே போயிட்டு, அதுக்கு அவ்வளவு பெரிய எழுத்துல தலைப்பு வந்த ஞாபகம் எனக்கு இல்ல, கோவிச்சுக்காதீங்க.

அதுக்கு மேல, ஒவ்வொருத்தருக்கும் அவங்க தொழில்ல இருக்கற அறிவு எந்த டிவிலயும் கிடைக்காது. 2024 ஆகஸ்ட்ல ரப்பர் ஷீட்டு கிலோ 240 ரூபாய தாண்டுச்சுல்ல, அப்ப மொபைல் கட தம்பி ரப்பர் ஏறுது டயர் கம்பெனி ஷேரும் ஏறும்னு குதிச்சுகிட்டு வந்தான். குலசேகரத்து அண்ணன், "லே மக்கா, ரப்பர் எனக்கு வரவு, டயர்காரனுக்கு செலவுலே"ன்னு ஒரே வரியில உக்கார வச்சிட்டார், அப்புறம் அவரே, டயர்ல பாதி கச்சா எண்ணெய் சமாச்சாரம், செயற்கை ரப்பரும் கார்பன் பிளாக்கும் அதுலேர்ந்துதான் வருது, அதனால ரப்பர் வில மட்டும் பாத்தா பத்தாதுன்னும் சொன்னார். அதே மாதிரி 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டப்ப இறால் கம்பெனி ஷேரெல்லாம் அடி வாங்குச்சு, எல்லாரும் குளச்சல்காரர பாவம்னு விசாரிக்க, அவர் சிரிச்சுகிட்டே அமெரிக்காக்கு போறது முக்காவாசி ஆந்திரா பக்கம் குளத்துல வளக்குற வனாமி இறால், நான் கடல்ல பிடிக்கறது வேற கத, எனக்கு டீசல் வில ஏறினாத்தான் வயித்தெரிச்சல்னாரு. இத படிச்ச அன்னைக்கு நான் எந்த ஷேரும் வாங்கல, ஆனா ஒரு தொழில் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுகிட்டேன்.

டீச்சர் விஷயத்த சொல்லாம விட முடியாது. அவங்க வீட்டுக்காரர் தவறிட்டார், தொண்ணூறுகள்ல அவர் வாங்கின பேப்பர் ஷேர் சர்டிபிகேட் டிரங்குப் பெட்டிக்குள்ள கெடந்திருக்கு, கம்பெனி பேரே மாறிப் போச்சு, வெறும் காயிதம்னு நெனச்சு போட்டோ எடுத்து குரூப்புல போட்டாங்க. ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காம கெடந்தா அந்த ஷேர் ஐஇபிஎஃப்னு அரசாங்க நிதிக்குப் போயிடும், ஆனா உரிமையுள்ளவங்க கேட்டு வாங்கலாம், இது எத்தன வீட்டுக்குத் தெரியும்? குவைத் அக்கா நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து கம்பெனியோட ஷேர் கணக்கப் பாத்துக்கற ரிஜிஸ்ட்ரார் யாருன்னு தேடிக் குடுத்தாங்க, அண்ணாச்சி, விவரத்தையும் கையெழுத்தையும் பதிஞ்சு குடுக்கற ஐஎஸ்ஆர்-1, ஐஎஸ்ஆர்-2 ஃபாரம் எல்லாம் எப்படி நிரப்பணும், பேங்க் மேனேஜர்ட்ட கையெழுத்து எங்க வாங்கணும், வாரிசு சர்டிபிகேட்டுக்கு தாலுக்கா ஆபீஸ்ல என்ன கேப்பாங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தார், கடைசில அந்த நிதிலேர்ந்து ஷேர திருப்பிக் கேக்கற ஐஇபிஎஃப்-5 ஃபாரத்த ஆன்லைன்ல போட்டது மொபைல் கட தம்பி. ரொம்ப நாள் இழுத்துச்சு, நடுவுல பேர்ல ஒரு இனிஷியல் மாறிக் கெடக்குதுன்னு திருப்பி வேற அனுப்புனாங்க. ஆனா ஷேர் டீச்சரோட டீமாட்டுக்கு, அதாவது ஷேர மின்னணு முறையில வைக்கற கணக்குக்கு, வந்து சேந்துட்டு. அன்னைக்குத்தான் நாங்க பலபேரு மொதல்முறையா நேர்ல பாத்துகிட்டோம், டீச்சர் வீட்ல மரச்சீனியும் மீன் கறியும். யாரும் பத்து பைசா கமிஷன் வாங்கல, குளச்சல்காரர் மீன் கொண்டு வந்தார், அவ்வளவுதான் பணப் பரிமாற்றம்.

எங்ககிட்ட ஒரு கட்டுப்பாடு உண்டு. இத வாங்கு இந்த விலைக்கு வில்லுன்னு யாரும் சொல்லக் கூடாது, ஆப்ஷன்ல, அதாவது வில ஏறுமா எறங்குமான்னு பந்தயம் கட்டுற மாதிரி வியாபாரத்துல, லாபம் வந்த ஸ்கிரீன்ஷாட் போடக் கூடாது. நஷ்ட ஸ்கிரீன்ஷாட் போடலாம், அதுக்கு ஆறுதல் உண்டு. ஏன் இவ்வளவு கறார்னா, ஃப்யூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ்ல எறங்குன தனிநபர்ல 93 சதவீதம் பேர் 2021-22லேர்ந்து 2023-24 வரைக்கும் மூணு வருஷத்துல நஷ்டப்பட்டிருக்காங்கன்னு பங்குச் சந்தைய கண்காணிக்கற செபியே 2024 செப்டம்பர்ல கணக்கு சொல்லிட்டு, மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. லாபம் வந்தவன் மட்டும் படம் போட்டா பாக்கறவனுக்கு எல்லாரும் ஜெயிக்கிறாங்கன்னுதான தோணும்.

இப்ப உங்க செய்திக்கு வாறேன். எங்க மெம்பர் ஒருத்தரோட மச்சான் ஒரு விஐபி குரூப்புல சேந்துட்டு, "இந்த ஆப்புல போட்டா ஐபிஓ கண்டிப்பா கெடைக்கும்னு சொல்லுதாவ, உள்ளதா?"ன்னு அவர் மூலமா எங்ககிட்ட கேட்டார். பத்து நிமிஷத்துல பத்து பதில். ஐபிஓக்கு, அதாவது ஒரு கம்பெனி மொதமுறையா பொதுமக்களுக்கு ஷேர் விக்கறதுக்கு, ஆள் அதிகமா வந்தா சின்ன முதலீட்டாளருக்கு குலுக்கல்தான், கண்டிப்பா கெடைக்கும்னு எவனாலயும் சொல்ல முடியாது, பணமும் அலாட் ஆகுற வரைக்கும் நம்ம பேங்க் அக்கவுண்ட்லயேதான் பிளாக் ஆகி நிக்கும், எவன் அக்கவுண்டுக்கும் போகாது. சாதாரணமா வாங்குற ஷேரும் 2023 ஜனவரிக்கு அப்புறம் மறு வேலைநாளே டீமாட்டுக்கு வந்துடணும், எல்லாரோட ஷேரையும் பதிவுல வச்சிருக்கற சிடிஎஸ்எல் இல்லன்னா என்எஸ்டிஎல் கணக்குல நேரடியா பாத்துக்கலாம், அங்க இல்லாத ஷேர் ஆப்புல மட்டும் மின்னுனா அந்த ஆப்பே டூப்பு. ஆலோசகர்னு சொல்றவன்ட்ட செபி பதிவு எண் கேளு, ஐஎன்ஏ இல்லன்னா ஐஎன்ஹெச்னு ஆரம்பிக்கும், அத செபி சைட்ல போய் பாருன்னாங்க. மச்சான் கேட்டார், அந்த விஐபி குரூப்புக்காரன் எண் அனுப்பல, அவர குரூப்ப விட்டே தூக்கிட்டான். பணம் தப்பிச்சுது.

அந்த மச்சான் தப்பிச்சது கேக்கறதுக்கு நாலு பேர் இருந்ததாலதான். வீட்ல சொன்னா திட்டுவாங்க, ஆபீஸ்ல சொன்னா பொறாமப்படுவாங்கன்னு யார்ட்டயும் சொல்லாம இருக்கறவனத்தான் இந்தத் திருட்டுப் பயலுவ தேடிப் பிடிக்கிறானுவ, "இத வெளிய சொல்லாதீங்க"ன்னுதான் அவனுவ மொத மெசேஜே வரும். அவன்ட்ட போய் நீங்க எந்தக் குரூப்புலயும் சேராதன்னு சொன்னா அவன் இன்னும் தனியாத்தான் ஆவான்.

அதனால ஒரு வேண்டுகோள். மோசடி செய்தி போடும்போது குரூப்பே வேண்டாம்னு எழுதறதுக்குப் பதிலா, பணம் கேட்டா, ஆப் இறக்கச் சொன்னா, லாபம் உறுதின்னா வெளிய வந்துடுங்கன்னு எழுதுங்க, சைபர் மோசடிக்கு புகார் சொல்ற 1930 நம்பர தடிச்ச எழுத்துல போடுங்க, பணம் போனதும் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறாங்களோ அவ்வளவுக்கு அத முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. தங்கம் வெல, ரப்பர் வெல போடுற எடத்துக்குப் பக்கத்துல வாரம் ஒரு நாள் சின்னதா ஒரு கட்டம் ஒதுக்கி நாமினி போடுறது எப்படி, பழைய பேப்பர் ஷேர என்ன செய்யணும், ரெக்கார்டு தேதின்னா என்னன்னு எழுதுனா நம்ம மாவட்டத்துல படிக்க ஆள் இருக்கு. எழுத ஆள் இல்லன்னா எங்க அண்ணாச்சி சும்மாவே எழுதித் தர ரெடி, எந்த ஷேர் வாங்கலாம்னு மட்டும் அவர்ட்ட கேக்காதீங்க, எங்களுக்கே சொல்ல மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தக்கலை, குமரி மாவட்டம்.