சாக்கில் எழுதியிருந்த நாடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் மாவட்டத்து முந்திரி ஆலைகள் நசிந்ததற்கு ஆப்பிரிக்கக் கொட்டைதான் காரணம் என்று வாசகர் ஒருவர் உங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். கருங்கல் அருகே 26 வருடமாக அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிறவள் நான். படித்ததும் மனம் பொறுக்கவில்லை.

எங்களிடம் வந்த ஒரு சாக்கில் கினி-பிசாவ் என்று எழுதியிருந்தது. அது எந்த ஊர் என்று சங்கத்துத் தோழரிடம் கேட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு என்றார். அமில்கார் கப்ரால் என்ற வேளாண் பொறியாளரைப் பற்றிச் சொன்னார். மார்க்சியம் கற்றவர்; போர்ச்சுகீசிய ஆட்சியை எதிர்த்து அந்நாட்டு மக்களைத் திரட்டியவர். 1973 ஜனவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நாடு விடுதலையை அறிவித்தது. ஆனால் இன்றும் அவர்களுக்கு முதன்மை ஏற்றுமதி முந்திரிக் கொட்டைதான், அதுவும் பெரும்பாலும் உடைக்காமலே. கொட்டைக்கு விலை வைப்பது அந்த விவசாயி இல்லை. உடைக்கிற எங்களுக்கும் விலை சொல்லும் உரிமை கிடையாது. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்த விவசாயியைப் பகையாளி என்று சொல்லலாமா?

கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பல் தொட்டுக்கொண்டுதான் உடைப்போம். ரேஷன் கடையில் என் கட்டைவிரலை மூன்று முறை வைத்தாலும் ரேகை விழுவதில்லை. மகள் வந்து வைக்க வேண்டும். எடைக்குத்தான் கூலி. பருப்பு உடைந்தால் கூலி குறையும். அதனால் மேஸ்திரி அதட்ட வேண்டியதே இல்லை, தண்ணீர் குடிக்கக்கூட நாங்களாகவே எழுந்திருக்க மாட்டோம். 1867-இல் வெளிவந்த மூலதனம் முதல் பாகத்தில் இந்த எடைக்கூலி போன்ற முறைக்கென்றே மார்க்ஸ் ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார் என்று சங்க வகுப்பில் கேட்டபோது, எங்கள் வரிசையில் இருந்த அக்காமார் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இன்னொன்று. நாங்கள் எடை போடுவது கிலோவில். பருப்பின் தரம் மட்டும் பவுண்டுக் கணக்கு. 320 என்றால் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய அத்தனை பருப்பு. வாங்குகிறவன் ஊர் அளவு அது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முந்திரியைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, அந்த விவசாயிக்கு ஒரு கிலோ கொட்டைக்குக் கிடைத்தது, இங்கே அதை உடைக்க எங்களுக்குக் கிடைத்தது, வெளிநாட்டுக் கடையில் அந்தப் பருப்பு விற்ற விலை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
முந்திரி ஆலைத் தொழிலாளி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்