மணி அடிக்காத வீடியோ கருவி

ஐயா,

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் நிறுவனங்களில் வீடியோ கான்பரன்ஸ் கருவியிலிருந்து அழைப்பு வெளியே போகும். வெளிநாட்டு வாடிக்கையாளர் அழைத்தால் மட்டும் மணி அடிக்காது. கருவியைத் திட்டிப் பயனில்லை. முதலில் ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணையப் பக்கத்து ஐபி எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அது வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய பொது ஐபி அல்ல, எந்த போர்ட்டை (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசலை) திறந்தும் வீண். இணைய நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேட்டு வாங்குங்கள்.

பிறகு ஃபயர்வாலில் (வெளி இணைப்புகளை வடிகட்டும் அமைப்பில்), வீடியோ அழைப்பு நெறிமுறைகளான எச்.323க்கு டிசிபி 1720, எஸ்ஐபிக்கு 5060, 5061 ஆகிய போர்ட்டுகளைக் கருவிக்குத் திருப்புங்கள். மணி அடித்தும் படமோ குரலோ வராவிட்டால் அவை வந்துசேரும் யூடிபி மீடியா போர்ட்டுகள் அடைபட்டிருக்கலாம். அல்லது கருவி 192.168 எனத் தொடங்கும் தன் உள் முகவரியையே எதிர்முனைக்குச் சொல்கிறது. கருவியின் நாட் (NAT, உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றுவது) அமைப்பில் பொது ஐபியை எழுதுங்கள். ரவுட்டரின் எஸ்ஐபி ஏஎல்ஜி (எஸ்ஐபி செய்திகளில் உள்ள முகவரிகளைத் தானே திருத்தும் வசதி) பெரும்பாலும் உபத்திரவம்தான், அணைத்துவிடுங்கள்.

சோதனை அழைப்பு அலுவலக வைஃபையில் வேண்டாம், கைபேசி டேட்டாவில் செய்யுங்கள். 5060ஐ உலகத்துக்கே திறந்து வைத்தால் நடுராத்திரியில் யாருமே பேசாத பேய் அழைப்பு வரும். வாடிக்கையாளரின் ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

நெட்வொர்க் பராமரிப்பாளர்கள்,
வேலூர்