படைப்பிரிவுத் தளபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தளபதிகளுக்கு,

வணக்கம். வீரர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டபின் எழுதப்படும் விசாரணை அறிக்கையில், காரணம் பெரும்பாலும் "குடும்பப் பிரச்சினை" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரி பொய்யென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அது வீட்டில் நடந்ததைச் சொல்கிறதே தவிர, அவர் முகாமில் கழித்த கடைசி மாதங்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உங்களால் மாற்றியிருக்கக்கூடியவை அந்த மாதங்களில்தான் இருந்தன.

போர்முனையே காரணம் என்று கருதுவோரும் உண்டு. அமெரிக்கப் படையினர் சுமார் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வு, போர்ப்பணிக்குச் சென்றதற்கும் தற்கொலைக்கும் தொடர்பு காணவில்லை. மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு (மிகைக் கிளர்ச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய்), அளவுமீறிய குடி ஆகியவற்றோடுதான் தொடர்பு கண்டது. போர் தரும் மனக்காயம் சிறிது என்று இதற்குப் பொருளல்ல. காப்பாற்ற முடியாமற்போன தோழரின் நினைவு ஒருவரை ஆண்டுக்கணக்கில் அரிக்கும். ஆயினும், களத்தையே பார்க்காத வீரருக்கும் ஆபத்து உண்டு என்பதையும், அவரை வாட்டுவது பெரும்பாலும் சிகிச்சைக்கு உட்படும் நோய் என்பதையும் நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் விரித்துரைத்த கோட்பாடு, தமக்கென்று யாருமில்லை என்ற உணர்வு, பிறருக்குத் தாம் பாரம் என்ற நம்பிக்கை, வலிக்கும் சாவுக்கும் அஞ்சாத பழக்கம் ஆகிய மூன்றும் சேருமிடத்தில் ஆபத்து மிகுகிறது என்கிறது. மூன்றாவதைப் பயிற்சியே தந்துவிடுகிறது. அதை நீங்கள் நீக்க முடியாது. எனவே முதலிரண்டில்தான் உங்கள் கடமை இருக்கிறது. முழங்காலில் அடிபட்டு ரோந்திலிருந்து விலக்கப்பட்ட ஒரு வீரரை எண்ணிப்பாருங்கள். அவருடைய காவல் முறை மற்றவர்கள் தலையில் விழுகிறது. "உனக்கும் சேர்த்து நாங்கதான் டூட்டி பாக்குறோம்" என்று அணிவகுப்பில் ஒருவர் சொல்ல, நான்கு பேர் சிரிக்கிறார்கள். தோழருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பதையே முதல் பாடமாகக் கற்றவர் அவர். அன்றிரவு அவருக்கு உறக்கம் வராது. நாளடைவில் உணவுக்கூடத்தில் தனியே உட்காருவார், தம் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கொடுத்துவிடுவார். இவற்றை உடன் இருப்போர் பார்க்கிறார்கள், ஆனால் உங்களிடம் சொல்வதில்லை, ஏனெனில் சொன்னால் அவருடைய பதவி உயர்வு போய்விடும் என்று அஞ்சுகிறார்கள்.

அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் திரும்பிய அமெரிக்கப் படையினரிடம் நடந்த, 2004இல் வெளியான ஆய்வில், மனநோய்க்கான அறிகுறிகள் தெளிவாக இருந்தவர்களில் 23 முதல் 40 விழுக்காட்டினரே உதவி நாடியிருந்தனர். தம்மைப் பலவீனமானவராக எண்ணிவிடுவார்கள், தலைமை தம்மை வேறுவிதமாக நடத்தும் என்ற கவலை அவர்களிடையே பரவலாக இருந்தது. ஆகவே மனநலச் சிகிச்சைப் பதிவைப் பதவி உயர்வுக் கோப்பிலிருந்து பிரித்துவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

நெருக்கடி உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்நேரத்தில் ஆயுதம் கைக்கெட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். இஸ்ரேல் படை 2006இல், வார இறுதியில் வீடு செல்லும் இளம் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச்செல்லும்படி விதியை மாற்றியபின், அவர்களிடையே தற்கொலை சுமார் 40 விழுக்காடு குறைந்தது. இதற்குப் பெருஞ்செலவு தேவைப்படவில்லை.

இறுதியாக, ஒழுங்கு நடவடிக்கையோ விடுப்பு மறுப்போ ஒருவருக்கு அறிவிக்கப்படும் முன், அன்றிரவு அவரோடு இருக்கப்போகிறவர் யார் என்பதை முடிவு செய்யுங்கள். பலர் முன்னிலையில் அவமதிக்காமல் தனியே அழைத்துச் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ஆம் என்று அவர் சொன்னால், மருத்துவரிடம் ஒப்படைக்கும்வரை அவரைத் தனியே விடாதீர்கள்.

இப்படிக்கு,
படைவீரர்களின் நலம் நாடும் ஒருவர்