கல்யாண மண்டபத்தில் ஒலி அலை சிகிச்சை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'மூட்டுவலி, தசைவலிக்கு ஒலி அலை சிகிச்சை - இலவச முகாம்' என்ற பேனரைத் திருப்பூரில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். மொத்தமும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. அந்த சிகிச்சையை நானே எடுத்துக்கொண்டவள்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியேதான். குதிகால் வலி எங்கள் டேபிளில் பலருக்கு உண்டு. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறியது போலக் குத்தும், கொஞ்சம் நடந்தால் குறையும். எலும்பு டாக்டர் முதலில் கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சியும் மெத்தென்ற செருப்பும்தான் சொன்னார். பெரும்பாலானவர்களுக்கு அதிலேயே சரியாகிவிடுமாம். ஆறு மாதம் தாண்டியும் எனக்கு விடாததால்தான் 'ஷாக் வேவ்' என்கிற அதிர்வலை சிகிச்சையை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒருமுறை ஜெல் தடவி குதிகாலில் டக்டக்கென்று அடிப்பார்கள், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். வலி விட்டது உடனே அல்ல, இரண்டு மூன்று மாதம் கழித்து. பயிற்சியையும் விடாமல் செய்ததால் முழுப் பெருமையையும் மெஷினுக்குக் கொடுக்க மாட்டேன்.

அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பொறுமையாக விளக்கினார். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் சிறுநீரகக் கல்லை உடம்பைக் கீறாமல் உடைக்கப் பயன்பட்ட அதிர்வலைதான் பிறகு எலும்பு மருத்துவத்துக்கு வந்தது. 2000-ல் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. இதைக் குதிகால் வலிக்கு அனுமதித்தது. தோள்பட்டைத் தசைநாரில் சுண்ணாம்பு படிந்தாலும், டென்னிஸ் எல்போ என்கிற முழங்கை வலிக்கும் தருகிறார்கள். பலன் ஆளுக்கு ஆள் மாறும். பிசியோதெரபியில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் மெஷின் வேறு. அது நொடிக்கு 10 லட்சம் அல்லது 30 லட்சம் முறை அதிர்ந்து உள்ளே இதமான சூடு தரும், வலிக்காது. வலியைக் குறைப்பதில் அதற்குள்ள ஆதாரம் மெலிதுதான். முகாம் பேனரில் இரண்டுக்கும் 'ஒலி அலை' என்று ஒரே பெயர்.

என் மாமியாருக்கு வந்தது முழங்கால் தேய்மானம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரோடு முகாமுக்குப் போனார். என் குதிகாலில் வைத்த அதே வகை மெஷினை அத்தையின் முட்டியில் வைத்து, "எழுந்து நடங்கம்மா" என்றிருக்கிறார்கள். நடந்திருக்கிறார். அடி வாங்கிய இடம் கொஞ்ச நேரம் மரத்தாற்போல இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. உடனே 10 சிட்டிங் பேக்கேஜ், முன்பணம், ரசீது கிடையாது. அத்தை இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். என்ன மாத்திரை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் முட்டியைச் சுற்றிக் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. ரத்தம் உறைவதில் கோளாறு, கர்ப்பம், அந்த இடத்தில் புற்றுநோய் அல்லது சீழ் இருந்தால் இதைத் தரக்கூடாது என்பது என் குதிகாலைத் தொடுவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிய படிவத்தில் இருந்தது. முகாமில் படிவமே இல்லை.

தேய்ந்துபோன குருத்தெலும்பை எந்த அலையும் வளர்த்துத் தராது. இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த தொடைத் தசைப் பயிற்சியைத்தான் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறார், முணுமுணுத்துக்கொண்டேதான். மாடிப்படி இன்னும் கஷ்டம், கடைக்கு நடந்து போய் வருகிறார்.

தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்ய 1997-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆகவே மண்டபத்தில் மெஷினை இறக்குகிறவரிடம் பதிவு எண், சிகிச்சை தருபவரின் தகுதி, மெஷினின் பெயர், ஒரு சிட்டிங் கட்டணம் ஆகியவற்றைப் பேனரிலேயே போடச் சொல்லி சுகாதாரத் துறை கேட்கலாம். அப்புறம், எங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. நின்றே வேலை செய்கிறவர்கள் இத்தனை பேர் உள்ள ஊரில், டாக்டர் எழுதிக்கொடுத்தால் ஷாக் வேவ் சிகிச்சை ஈ.எஸ்.ஐ. பிசியோதெரபி பிரிவிலேயே கிடைக்கும்படி செய்தால் எங்களில் யாரும் மண்டபம் தேடிப் போக மாட்டோம்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர்,
திருப்பூர்.