நல்ல கிடா சந்தைக்கு, மீந்த கிடா மந்தைக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறைச்சி ஆடு வளர்ப்பைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையில், போயர் போன்ற அயல்நாட்டு வெள்ளாட்டு இனக் கிடாக்களைக் கொண்டு நம் ஆடுகளைக் கலப்பினம் செய்தால் கறியின் அளவும் தரமும் ஒருசேர உயரும் என்று எழுதப்பட்டிருந்தது. அளவு உயரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தரமும் கூடவே உயரும் என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது பேரையூர்ப் பக்கம் செம்மறி வளர்த்து வருகிறேன். எடையையும் தரத்தையும் ஒன்றாக எண்ணுவதால் எங்கள் மந்தைகளுக்கு நேரும் கேட்டை நாள்தோறும் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

ஆட்டின் எடை, தசையின் பருமன், கொழுப்பு படியும் இடம், கறியின் மென்மை ஆகிய எல்லாவற்றிலும் மரபுக்குப் பங்கு உண்டு; ஆனால் அந்தப் பங்கு எல்லாவற்றிலும் ஒரே அளவில் இல்லை. தசையிழைகளுக்கு இடையே ஊடுருவிப் படியும் கொழுப்பை எடுத்துக்கொண்டால், ஒரு செம்மறிக்கும் மற்றொரு செம்மறிக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி பிறவியிலேயே வருவது. மென்மையிலோ அது கால் பங்கை ஒட்டியே இருக்கும். மற்றதெல்லாம் வயதும், மேய்ச்சலும், அறுப்பதற்கு முன் ஆடு பட்ட பாடும், அறுத்த பின் கறியை வைத்திருந்த விதமும் சேர்ந்து தீர்மானிப்பவை. இன்னொன்றும் உண்டு. ஒரு குணத்தைப் பிடித்து இழுத்தால் அதனோடு பிணைந்த வேறொன்றும் சேர்ந்தே வரும். ஆஸ்திரேலியாவில் கொழுப்புக் குறைந்து தசை மிகுந்த கிடாக்களையே நெடுங்காலம் தேர்ந்தெடுத்து வந்ததில், வேண்டாத கொழுப்போடு சேர்ந்து சுவைக்கும் சாறுக்கும் காரணமான தசையிடைக் கொழுப்பும் குறையத் தொடங்கியது. அதைக் கண்ட பிறகு, உண்ணும்போது தெரியும் தரத்தையும் கிடாத் தேர்வுக்கான கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று.

எடை வேறு, தரம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அமெரிக்காவில் கிடைத்தது. 1983-ல் ஒக்லஹோமா மாநிலத்துப் பண்ணை ஒன்றில், டார்செட் இனச் செம்மறிக் கிடா ஒன்று வழக்கத்துக்கு மாறாகப் பின்தொடையும் முதுகுத் தசையும் புடைத்து வளர்ந்தது. அதன் வழி வந்த குட்டிகளில் சிலவும் பிறந்த சில வாரங்களில் அவ்வாறே புடைத்தன. தீவனம் குறைவாகவே பிடித்தது, கொழுப்பு குறைந்தது, தொடைக்கறி மிகுந்தது. இறைச்சி வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த முதுகுக்கறியைச் சமைத்தவர்கள் மெல்ல முடியாமல் தட்டைத் தள்ளி வைத்தார்கள். அறுத்த பின் தசையிழைகளைத் தளர்த்தி மென்மையாக்கும் கால்பெயின் என்னும் நொதி எல்லா ஆட்டிலும் உண்டு. அதைத் தடுக்கும் கால்பாஸ்டாட்டின் என்னும் புரதம் இந்த ஆடுகளின் புடைத்த தசைகளில் மிகுந்திருந்ததால், நாட்கணக்கில் குளிரில் வைத்திருந்தும் கறி இளகவில்லை. மரபணுத் தொடரில் ஒரே ஓர் எழுத்து மாறியதே இத்தனைக்கும் காரணம் என்பது 2002-ல் தெரியவந்தது. அந்த மாற்றம் தந்தை வழியில் மட்டும் வந்தால்தான் தசை புடைக்கும், தாய் வழியில் வந்தாலோ இருவழியிலும் வந்தாலோ புடைக்காது என்பது மரபியலில் இன்றும் வியப்புக்குரிய செய்தி.

பன்றியிலும் இதே கதைதான். தசை மிகுந்த சில இனங்களில் அதிர்ச்சியைத் தாங்கவிடாத மரபணு ஒன்று கூடவே பரவி, அறுத்த கறி வெளிறி, தளர்ந்து, நீர் ஒழுகியது. 1991-ல் அந்த மரபணு மாற்றம் அடையாளம் காணப்பட்ட பிறகு, சோதனை செய்து அதை இனவிருத்தியிலிருந்து விலக்க வழி பிறந்தது. வேகமாக வளரும் பிராய்லரின் நெஞ்சுக்கறி விறைத்துப் போவதும் அதில் வெண்கோடுகள் விழுவதும் இன்று கோழித்தொழிலில் எல்லாரும் அறிந்தவை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்கு விடியுமுன் சென்று நின்றால், நான் சொல்ல வருவதைக் கண்ணாலேயே காணலாம். வியாபாரி முதலில் முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை அழுத்தித் தசையைப் பார்ப்பார்; அடுத்து வயதை அறிய உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார்; பிறகு இடுப்பைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கி எடையை மனத்தில் குறித்துக்கொள்வார். பல் போடாத வயதிலேயே மதமதவென்று வளர்ந்த கிடாக்குட்டி முதல் விலையிலேயே வண்டி ஏறிவிடும். நோஞ்சானாகவும் வளர்த்தி குறைந்ததாகவும் உள்ளதை எவரும் கேட்பதில்லை. அது கட்டிய கயிற்றோடு ஊர் திரும்பி, அடுத்த பருவத்தில் மந்தையின் பொலிகிடா, அதாவது இனவிருத்திக்கான கிடா, ஆகிறது. பிறக்கும் குட்டி ஒவ்வொன்றுக்கும் பாதி மரபைத் தருவது தந்தை; இருபத்தைந்து முப்பது பெட்டைகளுக்கு ஒரு கிடா என்னும்போது, அந்த ஒரு கிடா எது என்பதே ஒரு தலைமுறையின் தரத்தைத் தீர்மானித்துவிடுகிறது. பண்ணைக்காரர்கள் மரபியலைக் கொண்டு இனத்தை மேம்படுத்துகிறார்கள் என்றால், நாமும் அதே மரபியலைக் கொண்டு, தலைகீழாக, ஆண்டுதோறும் இனத்தைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறோம்.

இதில் வளர்ப்பவரைக் குறை சொல்வது முறையன்று. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் முன்னால் நிற்கும்போது, நல்ல விலைக்குப் போகும் கிடாவைப் பொலிக்கென்று நிறுத்தி வைக்க ஏழைக் குடும்பத்தால் இயலாது. ஆடியும் மாசிச் சிவராத்திரியும் பக்ரீத்தும் வந்தால் நேர்த்திக்கும் குர்பானிக்கும் பழுதில்லாத கிடாவையே தேடுகிறோம்; தெய்வத்துக்கு நோஞ்சானைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? கருங்கிடாதான் வேண்டும் என்று கேட்கும் கோயில்களும் உண்டு. வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைகட்டி கருப்பு இனச் செம்மறி இத்தனை காலம் மதிக்கப்பட்டு வந்ததில் அந்த நிறத்துக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். ஆனால் மயிரின் நிறத்துக்கும் கறியின் சுவைக்கும் தொடர்பில்லை; எண்ணிக்கை குறைந்த இனத்தில் நிறத்தை மட்டுமே பார்த்துக் கழித்துக்கொண்டு போனால், வளர்ச்சிக்கும் உடல்வலுவுக்கும் உரிய மரபுவளமும் சேர்ந்தே கழிந்துவிடும்.

ஒரே கிடாவை நான்கைந்து ஆண்டுகள் அதே மந்தையில் விட்டுவைப்பது அடுத்த கேடு. அது தன் மகள்களோடும் சேர்கிறது. தந்தையும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டிக்கு உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவுகள் சேர்வதால் இருவழியிலும் ஒரே மரபணு வந்து சேரும் அளவு) 25 விழுக்காடு. பிறப்பு எடை குறைவதும், குட்டிச் சாவு மிகுவதும், வளர்ச்சி மந்தமாவதும் அதன் விளைவுகள். மந்தையோடு அலையும் இடையர்களான கீதாரிகள் கிடை போட்டு ஊர் ஊராக நகர்ந்த காலத்தில் மந்தைகள் கலந்து இந்தக் குறை ஓரளவு தானாகவே தீர்ந்திருக்கும். இப்போது அவரவர் கொட்டிலோடு ஆடு நின்றுவிடுகிறது.

போயரை நான் வெறுக்கவில்லை. முதிர்ந்த போயர் கிடா 100 கிலோவைத் தாண்டும். நம் கன்னி இன வெள்ளாட்டுக் கிடா அதில் பாதியைக்கூட எட்டாது. முதல் கலப்பில் பிறக்கும் குட்டிகள் பரண் கொட்டிலில் அடர்தீவனம் தின்று நன்றாகவே வளரும். அந்தக் கலப்பினக் கிடாவையே மறுபடியும் கலப்பினப் பெட்டைகளோடு பொலிக்கு விட்டால், முதல் தலைமுறையில் கிடைத்த கலப்பின வீரியம் (இரு இனம் கலப்பதால் வரும் கூடுதல் வளர்ச்சியும் வலுவும்) அடுத்ததில் பாதியாகிவிடும் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. பருத்தி எடுத்த கரிசல் காட்டிலும் சீமைக்கருவேல நெற்றிலும் வயிறு நிரப்பும் மந்தைக்கு அவ்வளவு பெரிய உடம்பு சுமையே.

நாட்டு ஆடு என்றாலே ருசி என்று மறுபக்கத்தில் பேசுவோருடனும் என்னால் முழுக்க உடன்பட இயலாது. மதுரையில் விடியலில் அறுத்த கறி பத்து மணிக்குள் குழம்பாகிவிடுகிறது. கால்பெயின் வேலை செய்யக் குளிரில் சில நாட்களாவது வேண்டும். அந்த அவகாசத்தை நாம் கொடுப்பதே இல்லை. ஆகவே மென்மைக்கான அயல்நாட்டு மரபணுச் சோதனைகள் நம் அடுப்படியில் பெரிதாக எதையும் மாற்றப்போவதில்லை. வயது ஏற ஏறத் தசையைப் பிணைக்கும் இணைப்புத்திசு இறுகுகிறது. நாலு பல் போட்ட கிடாவின் கறி எந்த இனமானாலும் குக்கரில் கூடுதலாகச் சில விசில் கேட்கத்தான் செய்யும். காயடிக்காத வெள்ளாட்டுக் கிடாவின் வாடையும் கொழுப்பமிலங்களால் வருவது. மசாலாவால் அது மறையாது. வெளிமாநிலத்திலிருந்து தண்ணீரின்றி லாரியில் நின்றபடி வந்து சேர்ந்த ஆட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்து, கறி கறுத்து, விரைவில் கெட்டுப்போவதையும் மரபின் மேல் பழிபோட முடியாது. கடைக்காரர் வாலை மட்டும் உரிக்காமல் விட்டுத் தொங்கவிட்டிருப்பது வெள்ளாடா செம்மறியா என்பதை மட்டுமே சொல்லும். வயதையோ வளர்ப்பையோ சொல்லாது.

செய்ய வேண்டியது பெரிய திட்டமன்று. மூன்று மாதத்தில் பால் மறக்கடிக்கும்போது ஊரிலுள்ள கிடாக்குட்டிகளை எடை போட்டு, ஆறாம் மாதத்தில் மீண்டும் போட்டு, முந்தி நிற்பவற்றில் சிலவற்றை, தாயின் பால்மடியையும் குட்டி தங்கும் கணக்கையும் பார்த்து, விற்காமல் நிறுத்த வேண்டும். உடையவருக்குச் சந்தை விலையை ஊர்க் கூட்டமைப்போ கால்நடைத் துறையோ ஈடு செய்ய வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு மந்தையில் வைக்காமல் பக்கத்து ஊரோடு மாற்றிக்கொள்ள வேண்டும். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரி இனச் செம்மறிக்கென 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது; அங்கு தெரிந்தெடுத்த பொலிகிடாக்கள் வளர்ப்போருக்குக் கிடைக்கின்றன. அந்த முறையைக் கீழக்கரிசல் இனச் செம்மறிக்கும் கச்சைகட்டிக் கருப்புக்கும் ஊர் ஊராகக் கொண்டுவருவது, அயல்நாட்டுக் கிடா வாங்கும் செலவில் ஒரு சிறு பகுதியிலேயே முடியும் என்று நம்புகிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. வாரந்தோறும் தாங்கள் வெளியிடும் சந்தை நிலவரத்தில் ஆட்டின் விலை மட்டுமே இடம்பெறுகிறது. உயிர் எடை, பல், இனம் ஆகிய மூன்றையும் அதனோடு சேர்த்து அச்சிட்டால், எந்த இனத்துக் குட்டி எந்த வயதில் எவ்வளவு எடையோடு விலைபோகிறது என்பது வளர்ப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருசேரத் தெரியவரும்.

இங்ஙனம்,
செம்மறி வளர்க்கும் வாசகர்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.