வாடை இங்கே சுடும்: மொரீசியஸ் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

த்ரூ தோ தூஸ் துறையிலிருந்து இல் ஓ செர்ஃப் தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நம் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு நாளாவது கடலுக்கு அழைத்துச் சென்று, அங்கேயே தமிழ்ப் பாடம் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

வடக்கிலிருந்து வீசுவது வாடை, அது குளிரும். தெற்கிலிருந்து வருவது தென்றல், அது இதமானது என்று என் பேத்தி ஒரு நாள் ஒப்பித்தாள். பாடநூலில் உள்ளதைத்தான் சொன்னாள். ஆனால் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கும் நமக்கு வடகாற்று வெப்பத்தையும் புழுக்கத்தையும் கொண்டுவருகிறது, ஜூலை மாதத்தில் பாயைக் கிழிக்கும் வேகத்தில் வந்து கைவிரல்களை விறைக்கவைப்பது தென்கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றுதான். தமிழ் பிழையானதன்று, அது பிறந்த இடத்தின் காற்றைச் சொல்கிறது. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதி விளக்குவதைவிட, படகின் முன்பகுதியான அணியத்தில் பிள்ளையை உட்காரவைத்து, எந்தக் கன்னத்தில் காற்று படுகிறது என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

விண்மீன்களும் அப்படித்தான். பல ஆண்டுகளுக்கு முன், மே மாத இறுதியில், ஒரு பாய்மரப் படகைப் போர்ட் லூயிஸிலிருந்து அண்டைத் தீவான ரியூனியனுக்குக் கொண்டுபோனோம். தீவின் மறைவில் இருந்தவரை படகு தொட்டில் போல ஆடியது. மறைவு விலகியதும் இடப்புறமிருந்து பேரலை வந்து மோத, சுக்கானை இருவர் பிடிக்க வேண்டியிருந்தது. கடலோடிகளுக்கு வழிகாட்டும் என்று நாம் படித்த துருவ நட்சத்திரம் இங்கே தொடுவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. இடப்புறம் உயரத்தில் நின்ற தெற்குச் சிலுவையைப் பார்த்தபடியே முன்னிரவைக் கழித்தோம். விடியலில் மேகத்துக்கு மேலே, 3,000 மீட்டருக்கும் உயரமான பித்தோன் தே நேஜ் சிகரம் தெரிந்தபோது, பசியால் சுருண்டிருந்த நாங்கள் எழுந்து நின்றுவிட்டோம்.

நான் வேலை செய்த படகின் பெயர் உங்களுக்கும் தெரியும்: கத்தமரான். கட்டுமரம் என்ற நம் சொல்லே கடல் கடந்து, சோழமண்டலக் கரையைப் பற்றி 1697இல் எழுதிய வில்லியம் டாம்பியர் போன்ற மாலுமிகளின் வழியே ஐரோப்பிய மொழிகளில் ஏறி, இங்கே கிரியோல் பேச்சில் வந்து நிற்கிறது. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த நம் கட்டுமரத்துக்கும், இரண்டு உடல்களை இணைத்த இன்றைய படகுக்கும் அமைப்பில் உறவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், வீண்பெருமை வேண்டாம். ஆனாலும் “கட்டு”, “மரம்” என்று நான் பிரித்துச் சொன்னபோது, பேத்தி பக்கத்திலிருந்த கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்து, “இதுவும் கட்டா, தாத்தா?” என்று கேட்டாள். அன்று முதல் கட்டு, கட்டடம், கட்டளை எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் இதைக் கேட்டபோது, கடல் ஆபத்தானது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆகையால் பவளப்பாறைக்கு உள்ளேயே, ஆழமில்லாத நீரில், ஒவ்வொரு பிள்ளைக்கும் உயிர்காப்பு அங்கி அணிவித்து, நவம்பரில் புயல் காலம் தொடங்குமுன், செப்டம்பர் அல்லது அக்டோபரில் ஒரு காலைப்பொழுது போதும். பாறைக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை; அங்கே அலை உடையும் இரைச்சலைக் கேட்டாலே போதுமானது.

அணியம், படகின் பின்பகுதியான அமரம், சுக்கான், பாய், நங்கூரம் ஆகிய சொற்களை அன்று தொட்டுக் காட்டிக் கற்பிக்க நான் வருகிறேன், ஊதியம் வேண்டாம். பிரோக் என்னும் சிறு மீன்பிடிப் படகில் பாய் விரிக்கத் தெரிந்த முதியவர்கள் இருவர் எங்கள் துறையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருவருக்கும் எண்பது வயதை நெருங்குகிறது. இந்த ஆண்டே ஒரு நாளைக் குறித்துத் தாருங்கள்.

பணிவுடன்,
த்ரூ தோ தூஸ் துறையின் பழைய படகோட்டி ஒருவன்